கூட்டமாகப் போனால் உங்களுக்கு ரைடு, எங்களுக்கு வழக்கு

மார்கழி பிறந்துவிட்டது. தூத்துக்குடியில் குளிர் என்று சொன்னால் கொடைக்கானல்காரர்கள் சிரிப்பார்கள். ஆனாலும் விடியற்காலை ஐந்தரை மணிக்குக் கடற்கரைச் சாலையில் காற்று இதமாகத்தான் இருக்கிறது. மழை விட்ட ஞாயிற்றுக்கிழமைகளில் ரோச் பூங்காப் பக்கம் கூடி, ஹெல்மெட் மாட்டி, துறைமுகச் சாலையில் வரிசையாகப் போகும் சைக்கிள் கிளப்காரர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். சென்னையிலும் கோவையிலும் மதுரையிலும் இதே காட்சிதான். டாக்டர், வக்கீல், ஐ.டி. ஊழியர், கடை முதலாளி எல்லாரும் வருகிறார்கள். முடிவில் டீ, வடை, ஒரு குரூப் போட்டோ. போட்டோவுக்குக் கீழே தவறாமல் ஒரு வரி: எங்கள் குழுவில் சாதி இல்லை, மதம் இல்லை, சைக்கிள் மட்டுமே.

சைக்கிள் ஓட்டுவது நல்ல காரியம், தோழர்களே. அதில் எனக்கு எந்தப் பிணக்கும் இல்லை. என் சண்டை அந்த ஒரு வரியோடுதான்.

இந்தத் தென்மாவட்டங்களில் கூட்டமாகச் சாலையில் போனவர்களுக்கு என்ன நடந்தது என்று கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். 1999 ஜூலை 23: மாஞ்சோலைத் தேயிலைத் தொழிலாளர்களுக்காகத் திருநெல்வேலியில் ஊர்வலம் போனார்கள். போலீஸ் தடியடிக்குப் பிறகு தாமிரபரணியில் 17 பிணங்கள். 2011 செப்டம்பர் 11: இம்மானுவேல் சேகரன் நினைவு நாளுக்குப் பரமக்குடி போகப் புறப்பட்டார் ஜான் பாண்டியன். நம் வல்லநாட்டிலேயே அவரைக் கைது செய்தார்கள். அதைக் கேட்டுப் பரமக்குடியில் மறியலில் உட்கார்ந்த கூட்டத்தின் மீது துப்பாக்கிச் சூடு. ஆறு தலித்துகள் செத்தார்கள். 2018 மே 22: ஸ்டெர்லைட்டை மூடு என்று கலெக்டர் அலுவலகத்துக்கு நடந்தார்கள். மறுநாளும் சேர்த்துப் போலீஸ் சுட்டதில் 13 பேர். அன்று எல்லாச் சாதிக்காரரும் நடந்தார்கள், எல்லாச் சாதி ரத்தமும் சிந்தியது. அதை மறைத்துப் பேச வேண்டியதில்லை.

ஐம்பது சைக்கிள் சேர்ந்து போனால் சில ஊர்களில் போலீசே முன்னால் பைலட் வண்டி விடுகிறது. கொடியசைத்துத் தொடங்கிவைக்க எஸ்.பி. வருகிறார். சேரியிலிருந்து ஐம்பது பேர் சேர்ந்து சாலைக்கு வந்தால் அதே காக்கிச்சட்டை ‘சட்டம் ஒழுங்கு’ என்கிறது. சாலை ஒன்றுதான், ஆட்கள்தான் வேறு. ‘சாதி இல்லை’ என்று எழுதுகிறவர் இந்த வித்தியாசத்துக்கு என்ன பெயர் வைப்பார்?

சைக்கிளுக்கே வருவோம். தென்மாவட்டங்களில் சைக்கிள் வெறும் வண்டியாக இருந்ததே இல்லை. ஊர்த்தெரு வந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு போக வேண்டும், செருப்பைக் கழற்றிக் கையில் எடுக்க வேண்டும், தெரு தாண்டிய பிறகுதான் ஏறலாம். உங்கள் தாத்தாவிடம் கேளுங்கள், சொல்வார். சில ஊர்களில் தாத்தா வரைக்கும் போகத் தேவையில்லை, அப்பாவே சொல்வார். 11 மாநிலங்களில் 565 கிராமங்களில் ஆய்வு செய்து 2006இல் வெளியான கிராமப்புறத் தீண்டாமை பற்றிய நூல், இரட்டைக் குவளையோடு சேர்த்து சைக்கிள் தடையையும் பட்டியல் போட்டிருக்கிறது.

பொதுத்தெருவில் யாரும் நடக்கலாம் என்று சென்னை சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் தீர்மானம் கொண்டுவந்தது 1924இல். அரசமைப்புச் சட்டத்தின் 15(2) பிரிவு, அரசுப் பணத்தில் பராமரிக்கப்படும் சாலையில் சாதியைச் சொல்லி யாரையும் தடுக்கக் கூடாது என்று 1950இலிருந்து சொல்கிறது. அத்தனைக்கும் பிறகு 2015இல் நாடாளுமன்றம் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தைத் திருத்தும்போது ‘சைக்கிள்’ என்ற சொல்லையே சட்டத்தில் எழுத வேண்டியிருந்தது. பிரிவு 3(1)(za)(B). பட்டியல் சாதியினர், பழங்குடியினர் சைக்கிளோ மோட்டார் சைக்கிளோ ஏறி ஓட்டுவதை, பொது இடத்தில் செருப்போ புத்தாடையோ அணிவதை, கல்யாண ஊர்வலம் போவதைத் தடுத்தால் அது வன்கொடுமை. ஆறு மாதத்துக்குக் குறையாமல் ஐந்து ஆண்டு வரை சிறை. 2016 ஜனவரி 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. நடக்காத ஒன்றைத் தடுக்க எந்த நாடாளுமன்றமும் சட்டம் எழுதாது.

பழைய கதை என்பீர்களா? 2025 பிப்ரவரியில் சிவகங்கை மாவட்டம் மேலப்பிடாவூரில் ஒரு கல்லூரி மாணவரின் கைகள் வெட்டப்பட்டன. புல்லட் ஓட்டியதுதான் குற்றம் என்பது குடும்பத்தின் புகார். அடுத்த மாதமே நம் ஸ்ரீவைகுண்டம் பக்கம், பரீட்சைக்குப் போன பதினோராம் வகுப்புப் பையனை பஸ்ஸிலிருந்து இழுத்துப்போட்டு விரல்களை வெட்டினார்கள். கபடியில் தோற்ற ஆத்திரம் என்று வீட்டார் சொன்னார்கள். புல்லட், பஸ், கபடி. நம் பிள்ளைகளின் கை, கால், வேகம் மூன்றும்தான் அவர்களுக்கு உறுத்துகிறது.

வண்டியில் ஒரு பெயர் இருந்தாலே ஏறாதவர்கள் இருந்த மண் இது. 1997இல் விருதுநகரைத் தலைமையிடமாக வைத்து வீரன் சுந்தரலிங்கம் பெயரில் போக்குவரத்துக் கழகம் அறிவித்தார்கள். தலித் பெயர் தாங்கிய பஸ்ஸில் ஏற மாட்டோம் என்று கலவரம். கடைசியில் அரசு என்ன செய்தது? எல்லாத் தலைவர்களின் பெயரையும் எல்லாக் கழகங்களிலிருந்தும் மாவட்டங்களிலிருந்தும் எடுத்துவிட்டது. வ.உ.சிதம்பரனார் மாவட்டம் தூத்துக்குடி மாவட்டம் ஆனது அப்படித்தான். ஒரு பள்ளர் பெயரைச் சகிக்க முடியாமல் வ.உ.சி. பெயரையும் இழக்கத் தயாராக இருந்தார்கள். அதற்கு இரண்டு வருடம் முன்னால்தான், 1995 ஆகஸ்ட் 31இல், கொடியன்குளத்தில் அறுநூறு போலீசார் புகுந்து டிவியையும் ஃபேனையும் உடைத்து, கிணற்றையும் கெடுத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

இப்போது கிளப்புக்குத் திரும்பலாம். எனக்குத் தெரிந்த ஒரு தம்பி, ஓட்டப்பிடாரம் பக்கத்துக்காரன், பள்ளியில் அரசு கொடுத்த சைக்கிளோடு ஒரு ஞாயிறு ரைடுக்குப் போனான். எந்தக் கிளப் என்பது இங்கே முக்கியமில்லை. யாரும் அவனைத் திட்டவில்லை, விரட்டவில்லை. “தம்பி, நீங்க பின்னால வாங்க, இது கியர் வண்டிங்க போற ஸ்பீடு” என்றார்கள். அதுகூடப் போகட்டும். டீக்கடையில் ஒருத்தர் தோளில் கைபோட்டு அன்பாகக் கேட்டாராம்: “எந்த ஊருப்பா? ஊருக்குள்ளயா, காலனியா?” அரசு ஆவணங்களிலிருந்து ‘காலனி’ என்ற சொல்லை நீக்குவதாக 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். டீக்கடையிலிருந்து அதை எந்த அரசாணை நீக்கும்?

அந்த அரசு சைக்கிள் பற்றி ஒரு சேதி. 2001-02இல் அந்தத் திட்டம் தொடங்கியபோது அது ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கான திட்டம். பிறகுதான் எல்லா மாணவர்களுக்கும் விரிந்தது. தமிழ்நாட்டுப் பள்ளிப் பிள்ளைகள் எல்லாரும் ஓட்டுகிற சைக்கிள் நம் பெண்பிள்ளைகளின் வழியாக வந்தது. அந்தச் சைக்கிளிலும் சாதி ஏறிக்கொண்டது. நாங்குநேரியில் 2023இல் ஒரு மாணவனை வீடு புகுந்து வெட்டிய பிறகு அமைத்த நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில் கையில் கட்டும் வண்ணக் கயிறுகளோடு, சாதி அடையாளம் பூசிய சைக்கிளில் பள்ளிக்கு வருவதையும் தடுக்கச் சொல்லியிருக்கிறது. பதினைந்து வயதுப் பையனின் மட்கார்டில் சாதி நிறம் இருக்கிறது. ஐம்பது வயதுக்காரர் கார்பன் ஃபிரேமில் சாதி இல்லை என்று ஸ்டிக்கர் ஒட்டுகிறார். இரண்டு பேரும் ஒரே சாலையில்தான் போகிறார்கள்.

“விளையாட்டில் அரசியலைக் கலக்காதீங்க” என்ற பதில் வரும் என்று தெரியும். 1894ஆம் ஆண்டில் இரண்டு கிளப்புகள் என்ன செய்தன என்று பாருங்கள். அமெரிக்காவின் மிகப் பெரிய சைக்கிள் சங்கமான வீல்மென் லீக், லூயிவில் நகரில் கூடி, வெள்ளையர் மட்டுமே உறுப்பினராகலாம் என்று விதியைத் திருத்தியது. ஐந்தே வருடத்தில், 1899இல், மேஜர் டெய்லர் என்ற கறுப்பர் உலகச் சாம்பியன் ஆனார். 1932இல் ஏழையாகவே செத்தார். அந்த விதியை முறைப்படி ரத்து செய்ய 1999 வரை ஆனது. அதே 1894இல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் கிளாரியன் சைக்கிள் கிளப் தொடங்கியது. அவர்களும் ஞாயிற்றுக்கிழமை கூட்டமாகத்தான் ஓட்டினார்கள். போகிற ஊரெல்லாம் சோஷலிசப் பத்திரிகையும் துண்டறிக்கையும் கொடுத்தார்கள். கிளப் இன்றும் இருக்கிறது. இரண்டில் எது அரசியலைக் கலக்காத கிளப்?

அவ்வளவு தூரம் எதற்கு, புதுக்கோட்டைக்குப் போங்கள். 1991இல் அறிவொளி இயக்கம் அங்கே எழுத்தோடு சைக்கிளையும் சொல்லிக்கொடுத்தது. கலெக்டர் ஷீலா ராணி சுங்கத். கல்குவாரிப் பெண்கள், கூலிப் பெண்கள், அங்கன்வாடிப் பெண்கள் கற்றுக்கொண்டார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் பார் வைத்த ஜென்ட்ஸ் சைக்கிளிலேயே ஏறினார்கள். பத்து வயதுக்கு மேற்பட்ட கிராமப் பெண்களில் நாலில் ஒரு பங்குக்கு மேல் ஓட்டக் கற்றுக்கொண்டதாகவும், 70,000க்கும் மேற்பட்டோர் பொது நிகழ்ச்சிகளில் ஓட்டிக் காட்டியதாகவும் பி. சாய்நாத் எழுதியிருக்கிறார். கேலி பேசினார்கள், ஆபாசமாகப் பேசினார்கள். ஒருத்தியாகப் போயிருந்தால் இறங்கியிருப்பாள். நூறு பேராகப் போனதால் பேசியவன் வாய் மூடினான். குரூப் ரைடு என்பதற்கு எனக்குத் தெரிந்த நல்ல அர்த்தம் இதுதான்.

கிளப்காரர்களிடமே ‘நோ டிராப்’ என்று ஒரு வழக்கம் உண்டு. பின்தங்குகிறவரை விட்டுவிட்டுப் போகக் கூடாது, கடைசி ஆளோடு ஒருவர் கூடவே வர வேண்டும். அருமையான விதி. அதைக் கொஞ்சம் நீட்டச் சொல்கிறேன், அவ்வளவுதான். குளிர்கால ரைடுகளில் உப்பளத்துப் பக்கம் நின்று, பனையோலை மூடிய உப்பு அம்பாரத்தைப் பின்னால் வைத்துப் படம் எடுக்கிறீர்கள். அந்தப் படத்தில் ஏன் ஆளே இல்லை தெரியுமா? மழைக்காலத்தில் பாத்தி முழுக்கத் தண்ணீர், வேலை கிடையாது. உங்களுக்கு ரைடு சீசன் என்பது அளத்துப் பெண்களுக்குப் பட்டினிச் சீசன். அரசு கொடுக்கும் மழைக்கால நிவாரணம் 5,000 ரூபாய். தை, மாசியில் வேலை தொடங்கிய பிறகு வாருங்கள், நீங்கள் ஹெல்மெட் தேடுகிற நேரத்துக்கு முன்பே அவர்கள் அளத்தில் நிற்பார்கள். சைக்கிளிலும் லோடு ஆட்டோவிலும் இருட்டோடு கிளம்பும் அந்தக் கூட்டத்துக்கு யாரும் ரைடு என்று பேர் வைக்கவில்லை.

நான் பார்த்த ரைடு அறிவிப்புகளில் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை அடிக்கடி வருகிறது. கட்டபொம்மன் சிலை முன்னால் படம், திரும்புதல். பக்கத்திலேயே கவர்னகிரி இருக்கிறது. கட்டபொம்மனின் தளபதி சுந்தரலிங்கம் பிறந்த ஊர், அரசே கட்டிய மணிமண்டபம் இருக்கிறது. அங்கே மட்டும் சக்கரம் திரும்புவதில்லை. தெரியாமல்தான் விடுகிறார்கள் என்றே வைத்துக்கொள்வோம். இப்போது சொல்லியாகிவிட்டது. ‘சாதி இல்லை’ என்கிற கிளப் அடுத்த ரைடை அங்கே வைக்கட்டும். அரசு சைக்கிளில் வரும் பிள்ளையை முன்னால் விடட்டும். நம்மாட்கள் இன்னும் இறங்கித் தள்ளும் தெரு எங்காவது இருந்தால், அந்தத் தெருவழியே அவனோடு சேர்ந்து ஏறியபடியே போகட்டும். அன்று அந்த வரியைப் போட்டோவுக்குக் கீழே எழுதினால் நானும் லைக் போடுகிறேன்.

கிளப் வரும்வரை நாம் காத்திருக்க வேண்டுமா, தம்பி தங்கைகளே? பொங்கல் முடிந்து முதல் ஞாயிறு ஓட்டப்பிடாரத்தில் கூடுவோம். கியர் வேண்டாம், ஓடுகிற சைக்கிள் போதும். ஓட்டப்பிடாரம், பாஞ்சாலங்குறிச்சி, கவர்னகிரி. கால் தாங்குகிறவர்கள் கொடியன்குளம் வரை. ஊருக்குள் நுழையும்போது சத்தம் போட வேண்டாம், யாரையும் சீண்ட வேண்டாம், சாதிக் கொடி எந்த நிறத்திலும் வேண்டாம், நம்முடையதும் சேர்த்துத்தான். பெண்பிள்ளைகள் முன்வரிசையில் வரட்டும். காவல் நிலையத்துக்கு முன்கூட்டியே எழுத்தில் தகவல் கொடுத்து ரசீது வாங்கி வையுங்கள். யாராவது இறங்கச் சொன்னால் இறங்க வேண்டாம், கைகலக்கவும் வேண்டாம். இருவர் வீடியோ எடுங்கள், நேரமும் இடமும் குறித்துக்கொள்ளுங்கள். புகாரில் 3(1)(za)(B) என்று பிரிவையும் சேர்த்து எழுதுங்கள், எழுத்தர் ‘வாய்த்தகராறு’ என்று எழுத விடாதீர்கள். வழக்குப் பதிய மறுக்கும் அதிகாரிக்கு அதே சட்டத்தில் பிரிவு 4 இருக்கிறது. பஞ்சர் ஒட்டும் சாமான், காற்றடிக்கும் பம்ப், தண்ணீர் பாட்டில் அவரவர் கொண்டுவர வேண்டும். டீச் செலவு என்னுடையது.