தொட்டது எது? நினைத்தது எது?

திருத்தணியை அடுத்த அம்மையார்குப்பம், நெசவாளர் நிறைந்த ஊர். பாவும் ஊடையும் சேர்ந்தால் துணி என்பது அங்கே குழந்தைக்கும் தெரியும். நெசவாளரின் சட்டைப் பையில் உள்ள செல்போனிலும் இன்று ஒரு பாவும் ஊடையும் இருக்கின்றன!

தொடுதிரையின் கண்ணாடிக்கு அடியில், கண்ணுக்குத் தெரியாத மின்கோடுகள் நெடுக்கிலும் குறுக்கிலும் ஓடுகின்றன. விரல் பட்டதும், அவை சந்திக்கும் இடத்தில் மின்நிலை சிறிது மாறுகிறது. அந்த மாற்றத்தைக் கொண்டே கருவி இடத்தை அறிகிறது.

ஆனால், விரல் ஊசிமுனை அல்லவே! ஒரே சமயத்தில் பல சந்திப்புகளின் மேல் அது படிகிறது. அவற்றின் மையத்தைக் கருவி கணக்கிடுகிறது. மனிதனோ விரல் நுனியால் குறி பார்க்கிறான்; கண்ணாடியில் அழுந்துவது நுனிக்குக் கீழே உள்ள சதை. நினைத்த இடம் ஒன்று, பட்ட இடம் ஒன்று. மிச்சத்தை ஊகத்தால் நிரப்ப வேண்டியிருக்கிறது.

எழுத்துக்கு ஊகம் உண்டு

2007-ல் வெளிவந்த ஐபோனிலேயே இதற்கு ஒரு யுக்தி செய்தார்கள். அடுத்து எந்த எழுத்து வரக்கூடும் என்று கருவி ஊகிக்கும். அந்த எழுத்துக்குரிய எல்லையை, பார்ப்பவருக்குத் தெரியாமலே பெரிதாக்கிவிடும். விரல் சற்று விலகினாலும் சரியான எழுத்தே விழும். 'வண' என்று அடித்தவர் 'வணக்கம்' எழுதுவார் என்று எண்ணுவது போலத்தான்!

எண்ணுக்கு ஊகம் ஏது?

பணம் அனுப்பும்போது இந்தச் சாமர்த்தியம் செல்லாது. 5-க்குப் பின் எந்த எண்ணும் வரலாம். 500 ரூபாயா, 5,000 ரூபாயா என்பதைக் கருவி எப்படி அறியும்? உழைத்துக் காய்த்த விரலையும் ஈர விரலையும் திரை சரியாக உணராததும் உண்டு. 2016-ல் யு.பி.ஐ. வந்தபின் கூலியும் கடனும் விரல் நுனியில் நடக்கின்றன. ஒரு பூஜ்யம் கூடினால், ஒரு குடும்பத்தின் பல நாள் உழைப்பு கைமாறிவிடும்.

பெரும்பாலான பொத்தான்கள் விரலை எடுக்கும்போதுதான் வேலை செய்கின்றன. தவறான இடத்தில் பட்டுவிட்டால், எடுக்காமல் ஓரமாக நகர்த்திவிட்டால் போதும். மக்கள் இதை அறிந்துகொள்வது நல்லது.

ஆனால், முழுப் பொறுப்பையும் விரலின் மேல் சுமத்துவது நியாயமன்று. தொடும் இடம் சுமார் 9 மில்லிமீட்டராவது இருக்க வேண்டும் என்கிறது ஆண்ட்ராய்டு வழிகாட்டுதல். பணச் செயலிகள் எல்லாம் அதைக் கடைப்பிடிக்கட்டும். ரகசிய எண் கேட்கும் முன், 'ஐயாயிரம் ரூபாய்' என்று தமிழ் எழுத்தில் பெரிதாகக் காட்டட்டும். ஊகிக்க முடியாத இடத்தில் கேட்டுத் தெரிந்துகொள்வதே அறிவுடைமை. அது மனிதனுக்கு மட்டுமல்ல, கருவிக்கும் பொருந்தும்!