ஒரு ஏக்கர் சர்க்கரைக்கு எத்தனை வீடு வேணும்?

போன வாரம் சென்னையிலிருந்து ஒரு தம்பி ஃபோன் பண்ணினார். நான் எழுதறதை ரொம்ப நாளாகப் படிக்கிறவர், கம்ப்யூட்டர் வேலை. "அண்ணா, உங்க நாட்டுச்சர்க்கரைக்கு ஒரு ஆப் செஞ்சு தர்றேன், காசெல்லாம் வேண்டாம்" என்றார். நல்ல மனசு. "வேண்டாம் தம்பி" என்று சொன்னதும் அவர் குரல் இறங்கிப்போச்சு. அப்போ ஒழுங்காகக் காரணம் சொல்ல முடியலை. மடை உடைச்சுக்கிட்டுத் தண்ணி பக்கத்துக் காட்டுக்குப் போய்க்கிட்டிருந்தது, ஒரு கையில் மம்முட்டி, ஒரு கையில் ஃபோன். அந்தக் காரணத்தை இப்போ சொல்றேன். இதே யோசனையை வேற சிலரும் சொல்லியிருக்கீங்க, உங்களுக்கும் சேர்த்துத்தான்.

எங்களுக்குக் கோபிப் பக்கம் நாலு ஏக்கர். வாய்க்கால் பாசனம், கூடவே ஒரு கிணறு. ரெண்டு ஏக்கரில் கரும்பு, மீதியில் மஞ்சளும் கொஞ்சம் கடலையும். கரும்பை மில்லுக்கு வெட்டி அனுப்பறதை அப்பா காலத்திலேயே விட்டாச்சு. ஆலை போட்டு நாட்டுச்சர்க்கரையாகக் காய்ச்சறோம். கவுந்தப்பாடி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்குக் கொண்டுபோனால் ஏலத்தில் போயிரும். பழனி பஞ்சாமிர்தத்துக்குத் தேவஸ்தானம் சர்க்கரை வாங்கறதும் அங்கேதான். அதனால் விக்காமல் கிடக்கிற சரக்கில்லை இது. விலைதான் பிரச்சனை. ஒரு வாரம் சிரிக்கும், மறுவாரம் வெட்டுக்கூலிக்கே சரியாப் போகும். ஒரு ஏக்கர் சர்க்கரையை நேரா வீடுகளுக்குக் கொடுத்துட்டா, இன்னொரு ஏக்கரைத் தைரியமா ஏலத்தில் போடலாமேன்னுதான் நாலு வருஷத்துக்கு முன்னால் வாட்ஸ்அப்பில் விக்க ஆரம்பிச்சேன்.

ரெண்டு வருஷம் மெதுவாகத்தான் போச்சு. அறுபது, எழுபது வீடு. சொந்தக்காரங்க, அவங்க ஆபீஸ்காரங்க, எழுதறதைப் படிச்சுட்டுக் கேட்டவங்க. அப்புறம் எனக்கு ஆசை வந்தது.

உறவுக்காரப் பையன் ஒருத்தன் டவுனில் ஒரு டிஜிட்டல் மார்க்கெட்டிங் ஆபீசுக்குக் கூட்டிக்கிட்டுப் போனான். ஏசி ரூம், பெரிய டிவி. மூணு பேக்கேஜ் காட்டினாங்க. ரீச், லீட், என்கேஜ்மென்ட்டுன்னு நிறைய வார்த்தை. நடு பேக்கேஜ் 18,000 ரூபாய். ரெண்டு ரீல் எடுத்துத் தருவாங்க, பத்து நாள் விளம்பரம் ஓட்டுவாங்க. அவங்களைக் குறை சொல்ல மாட்டேன், சொன்னதைச் செஞ்சாங்க. கொப்பரையில் பாகு கொதிக்கிற வீடியோ அத்தனை அழகா இருந்தது. நானே நாலு தடவை பார்த்தேன்.

பத்து நாளில் அறுநூறு மெசேஜ். அதில் பாதிக்கு மேல ஒரே வார்த்தை: "விலை?" ராத்திரி ஒரு மணிக்கும் வரும். எனக்கு டைப் அடிக்க ஒரு விரல்தான் வேலை செய்யும். தண்ணி கட்டிக்கிட்டே பதில் போட்டேன், சோறு தின்னுக்கிட்டே போட்டேன். தொண்ணூறு பேர் காசும் போட்டுட்டாங்க. க்யூஆர் கோடு ஒண்ணு அனுப்பினாப் போதும், காசு வர்றதுக்கு ஒரு நிமிஷம். சர்க்கரை வர்றதுக்கு அப்படியில்லையே. அந்த வாரம் பார்த்து மழை பிடிச்சுது. சக்கை நனைஞ்சா அடுப்பு எரியாது, அடுப்பு எரியலைன்னா ஆலை ஓடாது. அப்படியே மூட்டையில் இருந்தாலும் மழைக்காத்துக்கு நாட்டுச்சர்க்கரை கசிஞ்சு கட்டி பிடிச்சுப் போகும். புது ஆள் தொண்ணூறு, பழைய வீடு எழுபது, என்கிட்ட இருந்தது ரெண்டு மூட்டை.

இதுக்கப்புறம் நான் செஞ்சதை இதுவரைக்கும் எழுதினதில்லை. பங்காளி ஒருத்தர் ஆலையில் முந்தின வாரம் காய்ச்சின சர்க்கரை இருந்தது. சுத்தமான சர்க்கரை, அஸ்கா கலந்ததெல்லாம் இல்லை. வாங்கியாந்து, என் பேர் போட்ட கவர்ல போட்டு அனுப்பிட்டேன். யாருக்கும் சொல்லலை. மழை விட்டதும் நம்ம சர்க்கரை போகத்தானே போகுதுன்னு எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கிட்டேன்.

தாம்பரத்திலிருந்து ஒரு அம்மா, முதல் வருஷத்திலிருந்து வாங்கறவங்க, குரல் மெசேஜ் போட்டிருந்தாங்க. "தம்பி, இது உங்க கொப்பரைச் சர்க்கரை இல்லைங்களே. உங்களுது நாக்கு ஓரத்துல லேசா உப்புக் கரிக்கும். இது வெறும் இனிப்பா இருக்கு."

எங்க கிணத்துத் தண்ணி கொஞ்சம் உப்பு. வாய்க்காலில் தண்ணி நிறுத்தற மாசங்களில் கிணத்துத் தண்ணிதான் கரும்புக்குப் போகும், அந்த உப்பு சர்க்கரையில் நிக்கும். ஏலத்தில் அதுக்கு விலை குறைப்பாங்க. அந்த அம்மாவோ அதை அடையாளமா வெச்சிருக்காங்க. அன்னைக்குச் சாயங்காலமே எல்லாருக்கும் நடந்ததைச் சொல்லி, வேண்டாம்கிறவங்களுக்குக் காசைத் திருப்பிப் போட்டேன். பழைய வீடுகளில் பதினாலு வீடு அதோட நின்னுபோச்சு. புதுசா வந்த தொண்ணூறில் ரெண்டாம் தடவை வாங்கினது பதினோரு பேர்.

எல்லாம் கெட்டபிறகுதான் எங்க வீட்டம்மா நோட்டை எடுத்துக்கிட்டு உட்கார்ந்தாங்க. "ஏனுங்க, 18,000 கொடுத்து நின்னது பதினோரு வீடு. வீட்டுக்கு 1,600 ரூபாய்க்கு மேல ஆயிருச்சு. நமக்குக் கிலோவுக்கு ஏலத்தைவிட இருபது ரூபாய் கூட நிக்குது. மாசம் ரெண்டு கிலோன்னா வருஷத்துக்கு ஒரு வீட்டில் 480 ரூபாய். போட்ட காசை எடுக்கவே மூணு வருஷத்துக்கு மேல ஆகுமுங்க" என்றாங்க. அடுத்த பக்கத்தில் இன்னொரு கணக்கு. ஏக்கருக்கு 40 டன் கரும்பு. நூறு கிலோ கரும்புக்குப் பத்துக் கிலோ சர்க்கரை, ஆக நாலு டன். மாசம் ரெண்டு கிலோ வாங்கற வீடு வருஷத்துக்கு 24 கிலோ வாங்கும். நாலாயிரத்தை 24-ஆல் வகுத்தால் 166.

166 வீடு. ஒரு கல்யாண மண்டபத்தில் ஒரு பந்திக்கு உட்கார்ற கூட்டம். இதுக்கா நான் லட்சம் பேருக்கு ரீல் காட்டினேன்?

அன்னைக்கிருந்து யார் எந்தக் கருவியைச் சொன்னாலும் எனக்குக் கேள்வி ஒண்ணுதான்: இது 166 வீட்டைத் தேடித் தர்றதா, இல்லை 166 வீட்டைக் கையில் வெச்சுக்க உதவுறதா? ரெண்டும் வேற வேற வேலை. மார்க்கெட்டிங் ஆபீஸ்காரங்க முதல் வேலையைத்தான் விக்கறாங்க, ஏன்னா அதைத்தான் மாசாமாசம் விக்க முடியும்.

விளம்பரமே தப்புன்னு சொல்லலை. சத்தியமங்கலம் ரோட்டில் நாத்துப்பண்ணை வெச்சிருக்கிற நண்பர் ஒருத்தர் இருக்கார். தென்னங்கன்னு, மாங்கன்னு விக்கறார். ஒரு தடவை கன்னு வாங்கினவங்க அப்புறம் பல வருஷத்துக்கு அவர் பக்கம் வரத் தேவையில்லை. அவருக்குத் தினமும் புது ஆள் வேணும். அவர் ஃபேஸ்புக்கில் நம்ம ஊரைச் சுத்தி இத்தனை கிலோமீட்டர்னு வட்டம் போட்டு மழை சீசனுக்கு மட்டும் விளம்பரம் ஓட்டறார். அவருக்கு அது சரி. தின்னு தீர்ற பொருளை விக்கறவனுக்குத் திரும்பி வர்ற ஆள்தான் முதல்.

இப்போ நான் வெச்சிருக்கிறதைச் சொல்றேன். வாட்ஸ்அப் பிசினஸ் ஆப், 2018-லிருந்து இருக்கிறது, காசில்லாதது. அதில் லேபிள்னு ஒண்ணு இருக்கு: காசு வந்தது, பார்சல் போட்டாச்சு, பாக்கின்னு நிறம் பிரிச்சு வெச்சுக்கலாம். விலைப்பட்டியலைப் படத்தோட போட்டு வெச்சதில் "விலை?" மெசேஜ் பாதியாக் குறைஞ்சது. பதிலையும் முன்கூட்டியே எழுதி வெச்சுக்கலாம், ஒத்தை விரல்காரனுக்கு அது பெரிய வரம்.

ஆரம்பத்தில் எல்லாரையும் ஒரே குரூப்பில் போட்டிருந்தேன். அது என்னோட மடத்தனம். குரூப்பில் எல்லார் நம்பரும் எல்லாருக்கும் தெரியும். வாங்கறவங்க பாதிக்கு மேல பெண்கள். ஒரு அம்மிணிக்கு யாரோ ஒருத்தன் தேவையில்லாத மெசேஜ் அனுப்ப ஆரம்பிச்சிருக்கான். அவங்க என்கிட்டச் சொல்லலை, பேசாமல் விலகிட்டாங்க, இன்னொருத்தர் மூலமாத்தான் தெரிஞ்சுது. அன்னைக்கே குரூப்பைக் கலைச்சேன். இப்போ பிராட்காஸ்ட் லிஸ்ட்தான். ஒரு லிஸ்டில் 256 பேர், எனக்கு அது தாராளம். ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாப் போகும், பதிலும் எனக்கு மட்டும்தான் வரும். ஒரே ஒரு சிக்கல்: என் நம்பரை உங்க ஃபோனில் சேவ் பண்ணியிருந்தால்தான் அந்த மெசேஜ் உங்களுக்கு வந்து சேரும். "மூணு மாசமா ஒண்ணும் அனுப்பலையே"ன்னு கோவிச்சுக்கறவங்க முதல்ல அதைப் பாருங்க.

மொத்தமா எஸ்எம்எஸ் அனுப்பற யோசனையும் வந்தது. டிராய் விதிப்படி அதுக்குப் பேரையும் மெசேஜ் வாசகத்தையும் முன்னாடியே பதிவு செஞ்சு அனுமதி வாங்கணும். கம்பெனி வெச்சிருக்கறவங்களுக்கு ஆகும், எனக்கு வேண்டாம். பெரிய ஆன்லைன் கடைகளில் போட்டால் கமிஷன் போறதுகூடப் பரவாயில்லை, வாங்கினது யாருன்னு நமக்குச் சரியாத் தெரியாது. உப்புக் கரிக்குதா இல்லையான்னு அங்கே யாரு என்கிட்டச் சொல்லப்போறாங்க? கூகுள் மேப்பில் ஆலையைக் குறிச்சு வெச்சது மட்டும் எதிர்பாராத லாபம். ஞாயித்துக்கிழமை கொடிவேரி அணைக்குக் குளிக்க வர்ற கார்க்காரங்க ரெண்டு மூணு பேராவது திரும்பற வழியில் வந்து எட்டிப் பார்க்கறாங்க. சூடாப் பாகு தொட்டு நக்கிட்டுப் போற குழந்தைகளுக்கு விலைப்பட்டியல் எதுக்கு?

இது எல்லாத்தையும்விட எனக்கு விக்கிற கருவி ஒரு டீச்சரம்மா. பெங்களூரில் ஒரு அபார்ட்மெண்டில் இருக்காங்க. ஒரு கிலோ, ரெண்டு கிலோன்னு கூரியரில் அனுப்பினால் சர்க்கரை 80 ரூபாய், அனுப்பற செலவு அதில் பாதிக்கு மேல. வாங்கறவங்களுக்கும் கட்டாது, எனக்கும் மனசு கேட்காது. அந்த டீச்சரம்மா அவங்க மாடி, மேல்மாடின்னு எட்டு வீட்டில் கேட்டு, மாசம் ஒரே பார்சலா முப்பது கிலோ எடுக்கறாங்க. நான் அவங்களுக்குத் தர்றது வருஷத்துக்கு ஒரு தடவை பொங்கலுக்குக் கரும்பும் மஞ்சள் கொத்தும்தான். இந்த மாதிரி இன்னும் ஆறேழு பேர் கிடைச்சால் என் கணக்கு முடிஞ்சுது. எந்த பேக்கேஜிலும் டீச்சரம்மா கிடைக்க மாட்டாங்க.

கடைசியா நோட்டு. போன வருஷம் ஃபோன் தொட்டிக்குள்ள விழுந்துருச்சு. பேக்கப் எடுக்கத் தெரியாத காலம் அது, பேசினது மொத்தமும் போச்சு. எங்க வீட்டம்மா கோடு போட்ட நோட்டில் பேர், நம்பர், ஊர் எழுதி வெச்சிருந்ததால பொழைச்சோம். பக்கத்தில் பென்சிலில் சின்னச் சின்னக் குறிப்பு வேற: "இவங்களுக்குக் கட்டி இல்லாமல்", "இவங்க மாமியாருக்குக் கருப்பாக் காய்ச்சினது". நாளைக்கு வாட்ஸ்அப் போய் வேற ஒண்ணு வரலாம், விதி மாறலாம், என் நம்பரே முடங்கலாம். அந்த நோட்டு எங்க வீட்டுப் பீரோவில் இருக்கும்.

இப்போ ஆப் விஷயத்துக்கு வர்றேன் தம்பி. நீங்க செஞ்சு கொடுத்தால் அதை 166 பேர் அவங்க ஃபோனில் இறக்கணும், பாஸ்வேர்டு போடணும், மறக்கணும். தாம்பரத்து அம்மாவுக்குக் குரல் மெசேஜ் போடத் தெரியும், அதுக்கு மேல அவங்களை எதுக்குப் படுத்தணும்? ரெண்டு வருஷத்தில் நீங்க வேற வேலைக்குப் போயிருவீங்க, வெளிநாடுகூடப் போவீங்க. அப்போ ஆப் கெட்டுப்போனால் நான் யார்கிட்டப் போய் நிப்பேன்? மோட்டார் கெட்டால் கோபியில் ஆள் இருக்கு.

ஆனா நேத்து மறுபடி கூப்பிட்டு வேற ஒண்ணு கேட்டேன். நோட்டில் இருக்கறதை ஏத்தி வைக்க ஒரு எக்செல் ஷீட்டு. பேர், ஊர், எத்தனை கிலோ, கடைசியா வாங்கின தேதி. எந்த ஊருக்கு மொத்தம் எத்தனை கிலோ போகணும்னு கூட்டிக் காட்டினால் போதும், அதை வெச்சுத்தான் கொப்பரை எத்தனை ஏத்தறதுன்னு முடிவு பண்ணணும். காசு வாங்கறதுக்கு முன்னாடி. ராத்திரியே அனுப்பிட்டார். எங்க வீட்டம்மா நோட்டைப் பார்த்துச் சொல்லச் சொல்ல, பையன் லேப்டாப்பில் ஏத்திக்கிட்டிருந்தான். 97-ஆவது பேரில் கரண்ட் போயிருச்சு. மீதி இன்னைக்குச் சாயங்காலம்.