தைலாவின் சகோதரிகள்

வேலப்பன்சாவடியில் பூந்தமல்லி நெடுஞ்சாலையோரம் ஒரு டீக்கடை. ராத்திரி பத்து மணிக்குமேல் லாரிக்காரர்கள்தான் வாடிக்கை. சில நாள் ஒரு பெண் வந்து கொஞ்சம் தள்ளி நிற்பார். எல்லோருக்கும் கண்ணாடி கிளாஸ். அவருக்கு மட்டும் பேப்பர் கப். ஏன் என்று நான் கேட்டதில்லை. பதில் தெரிந்த கேள்வி.

அந்தக் கப்பைப் பார்க்கும்போதெல்லாம் உருது எழுத்தாளர் சாதத் ஹசன் மண்ட்டோ ஞாபகம் வருகிறார். ராமாநுஜத்தின் தமிழில் மண்ட்டோவைப் படித்தவர்கள் பெரும்பாலும் பிரிவினைக் கதைகளைத்தான் சொல்வார்கள். என்னை விடாமல் உறுத்துவது ‘1919 கீ ஏக் பாத்’.

1919 ஏப்ரல் 10. ஜாலியன்வாலாபாக் படுகொலைக்கு மூன்று நாள் முந்தி. உள்ளூர்த் தலைவர்கள் சத்யபாலையும் கிச்லூவையும் பிடித்துக்கொண்டு போனதால் கொதித்த அமிர்தசரஸில் துப்பாக்கிச் சூடு. கதையில் அன்று சாகிறவன் தைலா. தாசி மகன், சூதாடி. குண்டு துளைத்தும் வெள்ளைக்காரன் கழுத்தைப் பிடித்த பிடியை விடவில்லை. அவன் சகோதரிகள் ஷம்ஷாதும் அல்மாஸும் பேர்பெற்ற ஆட்டக்காரிகள். துக்கம் ஆறுமுன்னே வெள்ளை அதிகாரிகள் அவர்களை ஆடக் கூப்பிடுகிறார்கள்.

இதையெல்லாம் ரயிலில் ஒரு பயணி சொல்லிக்கொண்டு வருகிறான். உடையைக் களைந்தெறிந்து, வெள்ளையர் முகத்தில் காறித் துப்பி, சுடப்பட்டுச் செத்தார்கள் என்று முடிக்கிறான். கேட்டுக்கொண்டிருந்தவர் லேசாகத் துருவியதும் குரல் உடைகிறது. தியாகியின் பேரைக் கெடுத்துவிட்டார்களே என்று திட்டிவிட்டு இறங்கிப் போய்விடுகிறான்.

ஆக, ஆடியிருக்கிறார்கள். கூப்பிட்டது துப்பாக்கி வைத்திருந்தவன், வேறென்ன செய்வார்கள்? ஊருக்கு அந்த முடிவு போதவில்லை. செத்திருந்தால் சிலை வைத்திருக்கும். மண்ட்டோ பயணியின் பொய்யை மட்டும் காட்டிவிட்டு, அந்தப் பெண்களைப் பற்றி ஒரு வார்த்தை தீர்ப்புச் சொல்லாமல் நகர்ந்துவிடுகிறார்.

நாம் மட்டும் என்ன? சிலப்பதிகார மாதவியைக் கும்பிட்டது அவள் துறவு பூண்ட பிறகுதானே. ஆடிக்கொண்டிருந்த மாதவியை யார் கும்பிட்டோம்?

மண்ட்டோ மீது ஆறு ஆபாச வழக்குகள். பிரிவினைக்கு முன் மூன்று, பின் மூன்று. வெள்ளைக்கார அரசும் பாகிஸ்தான் அரசும் இதில் மட்டும் ஒரே கட்சி.

போன வாரம் கடையில், “எனக்கும் பேப்பர் கப்பிலேயே குடுங்கண்ணே” என்றேன். “உங்களுக்கு எதுக்கு சார் அது?” என்று கண்ணாடி கிளாஸையே நீட்டினார். நானும் வாங்கிக்கொண்டேன்.