யானைக்கும் அடி சறுக்கும்!

துள்ளிக் குதித்த பந்தயக் கார்

"பார்முலா 1" கார் பந்தயத்தில், 2014 முதல் 2021 வரை தொடர்ந்து 8 ஆண்டுகள் மெர்சிடிஸ் குழு சாம்பியன் பட்டம் பெற்றது. வேறு எந்தக் குழுவும் இப்படி வென்றது இல்லை.

2022-ம் ஆண்டு அந்தக் குழு ஒரு புதிய காரைச் செய்தது. அந்தக் கார் துள்ளிக் குதித்தது!

ஏன் குதித்தது?

அந்த ஆண்டு பந்தய விதிகள் மாறின. காரின் அடிப்பாகத்தில் சுரங்கம் போன்ற வழி அமைக்கப்பட்டது. கார் ஓடும்போது அதன் வழியாகக் காற்று வேகமாகப் பாயும். அங்கே அழுத்தம் குறையும். கார் தரையோடு இழுத்துப் பிடிக்கப்படும். வளைவில் வேகமாகத் திரும்ப இந்தப் பிடிப்பு தேவை.

கார் தரையை மிகவும் நெருங்கிவிட்டால், காற்று தாராளமாகப் போக முடியாது. பிடிப்பு விட்டுவிடும். கார் மேலே எழும்பும். உடனே காற்று மறுபடி பாயும். கார் மறுபடி கீழே இழுக்கப்படும். ஒரு விநாடிக்குள் பல தடவை இப்படி நடக்கும்.

மற்ற குழுக்களின் கார்களும் குதித்தன. ஆனால் மெர்சிடிஸ் பட்ட பாடு பெரும்பாடு!

முன்பே தெரியாதா?

காற்றுச் சுரங்கச் சோதனையில் முழு அளவு காரை வைக்க விதி இடம் தருவது இல்லை. 60 சதவீத அளவு மாதிரிதான் வைக்கலாம். காற்றின் வேகம் மணிக்கு 180 கிலோ மீட்டரைத் தாண்டக்கூடாது. பந்தயத்திலோ கார்கள் 300 கிலோ மீட்டருக்கு மேல் பறக்கின்றன! ஆகவே, குறை மைதானத்தில்தான் வெளிப்பட்டது.

முதுகு வலி

2022 ஜூன் மாதம் அஜர்பைஜான் நாட்டில் பந்தயம் நடந்தது. 7 முறை உலக சாம்பியனான லூயிஸ் ஹாமில்டன் 4-வதாக வந்தார். முதுகைப் பிடித்துக்கொண்டு, காரை விட்டு இறங்கவே சிரமப்பட்டார். கார் எவ்வளவு குதிக்கலாம் என்பதற்குப் பிறகு வரம்பு விதிக்கப்பட்டது.

காரை உயர்த்தினால் குதிப்பது குறையும், வேகமும் குறையும். தாழ்த்தினால் வேகம் கூடும், முதுகு உடையும். பணத்தைக் கொட்டி வேறு கார் செய்யலாமா? செலவுக்கும் உச்சவரம்பு உண்டு!

மயக்கிய வெற்றி

நவம்பரில் பிரேசில் பந்தயத்தில் ஜார்ஜ் ரசல் வென்றார். அந்த ஆண்டு குழுவுக்குக் கிடைத்த ஒரே வெற்றி அது. 2023-லும் ஏறக்குறைய அதே அமைப்பில் கார் வந்தது. பலன்? ஒரு வெற்றி கூட இல்லை! அந்த ஆண்டு மே மாதம், மொனாகோ பந்தயத்தில்தான் காரின் பக்கவாட்டு உருவம் மாற்றப்பட்டது.

2024-ல் 4 வெற்றிகள் வந்தன. ஜூலையில், தன் சொந்த நாடான இங்கிலாந்தில் ஹாமில்டன் வென்று, கண்ணீர் விட்டார். அவருக்கு 945 நாட்களுக்குப் பிறகு கிடைத்த வெற்றி அது. ஆனால், குழுவை விட்டு பெராரிக்குப் போவது என்று அதற்கு முன்பே அவர் முடிவு செய்துவிட்டார்.

கார் குதித்தது முதல் சறுக்கல். அதே வழியை விடாமல் பிடித்துக்கொண்டது இரண்டாவது சறுக்கல். அதற்கு விலை, மேலும் ஓர் ஆண்டு!