லோ சுகர் வந்தால் சர்க்கரைத் தண்ணீர்... எல்லோருக்கும் கைகொடுக்குமா?

மாலை ஆறரை மணி. மதியம் அரைகுறையாகச் சாப்பிட்ட மாமியாருக்குக் கை நடுங்குகிறது. நெற்றி வியர்த்துக் கொட்டுகிறது. குளுக்கோமீட்டரில் 58. பதறிப்போன மருமகள், மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கி, "அத்தை, மடமடன்னு குடிச்சிடுங்க" என்று நீட்டுகிறார். கால் மணி நேரம் கழித்து மறுபடி குத்திப் பார்த்தால் 61. நடுக்கம் நிற்கவில்லை.

கற்பனைக் காட்சிதான். ஆனால், சில மாத்திரைகளைச் சாப்பிடுகிறவர்களின் வீட்டில் இது நிஜமாகவே நடக்கலாம். சர்க்கரை குடித்தும் சர்க்கரை ஏன் ஏறவில்லை? பதில் சிறுகுடலில் இருக்கிறது.

நாம் சாப்பிடும் மாவுச்சத்து எதுவாக இருந்தாலும் அப்படியே ரத்தத்துக்குள் போக முடியாது. சோறு, இட்லி, உருளைக்கிழங்கு எல்லாவற்றிலும் இருக்கும் ஸ்டார்ச், ஆயிரக்கணக்கான குளுக்கோஸ் மணிகளைக் கோத்த நீண்ட மாலை. குடல் சுவர் உள்ளே விடுவது ஒற்றை மணியை மட்டும்தான். அதனால் மாலையை வெட்டியாக வேண்டும்.

முதல் வெட்டு வாயிலேயே ஆரம்பிக்கிறது. வெறும் சோற்றை நன்றாக மென்றுகொண்டே இருந்தால் லேசாக இனிக்கும். எச்சிலில் இருக்கும் அமைலேஸ் என்ற என்சைம் செய்யும் வேலை அது. வயிற்றுக்குப் போனதும் அமிலம் பட்டு அந்த வேலை நின்றுவிடுகிறது. பிறகு சிறுகுடலில் கணையம் அனுப்பும் அமைலேஸ் வந்து, மாலையை இரண்டு மணி, மூன்று மணித் துண்டுகளாக நறுக்குகிறது. கடைசி வெட்டு குடல் சுவரில். அங்கே ஒட்டிக்கொண்டிருக்கும் என்சைம்கள்தான் துண்டுகளை ஒற்றைக் குளுக்கோஸாகப் பிரிக்கின்றன.

இப்போது அடுப்படி டப்பாவில் இருக்கும் சர்க்கரைக்கு வருவோம். அது ஒற்றை மணி இல்லை. ஒரு குளுக்கோஸும் ஒரு ஃப்ரக்டோஸும் சேர்ந்த ஜோடி. நாக்கில் பட்டதும் இனிக்கிறதே தவிர, அந்த ஜோடியும் குடல் சுவரில் பிரிந்தால்தான் ரத்தத்துக்குப் போகும். சாதாரணமாக இது சில நிமிடங்களில் நடந்துவிடும். அதனால்தான் பெரும்பாலானவர்களுக்குச் சர்க்கரைத் தண்ணீர் நன்றாகவே வேலை செய்கிறது.

வோக்ளிபோஸ், அகார்போஸ் என்று இரண்டு மருந்துகள். சாப்பிட்டதும் சுகர் கிடுகிடுவென ஏறுவதைத் தடுப்பதற்காக, சாப்பாட்டின் தொடக்கத்தில் எடுத்துக்கொள்ளச் சொல்வார்கள். இவை அந்தக் குடல் சுவர் என்சைம்களின் வாயை அடைத்து உட்கார்ந்துகொள்கின்றன. கடைசி வெட்டு தாமதமாகிறது. சுகரும் மெதுவாக ஏறுகிறது. செரிக்காத மிச்சம் பெருங்குடலுக்குப் போய், அங்குள்ள பாக்டீரியாக்களுக்கு விருந்தாகிறது. இந்த மாத்திரை போட்ட சிலர் 'ஒரே கேஸ்' என்று புலம்புவது அதனால்தான்.

இந்த மருந்துகளைத் தனியாகச் சாப்பிட்டால் பொதுவாக லோ சுகர் வராது. இன்சுலினுடனோ, கிளிமிபிரைடு மாதிரியான மாத்திரையுடனோ சேரும்போது வரலாம். கிளிமிபிரைடு, மெட்ஃபார்மின், வோக்ளிபோஸ் மூன்றும் ஒரே மாத்திரையாகவே இங்கே விற்கிறது. சாப்பிடுகிறவருக்கு உள்ளே வோக்ளிபோஸ் இருப்பதே தெரியாமல் போவதும் அதனால்தான். அட்டையின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயர்களை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. புரியாவிட்டால் மருந்துக்கடையிலேயே கேட்கலாம்.

பெயர் இருந்தால், சுகர் 70-க்குக் கீழே இறங்கும்போது நம்ப வேண்டியது குளுக்கோஸ் பவுடரை. வெயில் காலத்தில் கலக்கிக் குடிப்போமே, அதேதான். பாக்கெட்டில் குளுக்கோஸ் அல்லது டெக்ஸ்ட்ரோஸ் என்று போட்டிருக்க வேண்டும். ஏற்கெனவே ஒற்றை மணி என்பதால் எந்த வெட்டும் தேவையில்லை. மாத்திரை அதைத் தடுக்காது. சுமார் 15 கிராம், அதாவது மூன்று டீஸ்பூன், தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி டெஸ்ட் செய்ய வேண்டும். ஏறவில்லை என்றால் இன்னொரு முறை. ஏறியதும் ஏதாவது சாப்பிடக் கொடுக்கலாம். அவசரத்துக்குத் தேன் பரவாயில்லை. அதில் குளுக்கோஸ் பிரிந்த நிலையிலேயே இருக்கிறது. வெல்லம், கற்கண்டு, கடலைமிட்டாய் எல்லாம் சர்க்கரையின் சொந்தக்காரர்கள்தான்; அதே தாமதம் அங்கேயும் உண்டு.

மயங்கிவிட்டவருக்கு மட்டும் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, குளுக்கோஸாகவே இருந்தாலும். மூச்சுக்குழாயில் போய்விடும். ஒருக்களித்துப் படுக்கவைத்துவிட்டு உடனே 108.

நூறு கிராம் பாக்கெட் ஒன்று போதும். மாத்திரை டப்பாவுக்குப் பக்கத்திலேயே வைத்து, வீட்டில் எல்லோரிடமும், ஸ்கூல் போகிற பேரனிடமும் இடத்தைக் காட்டிவைத்துவிடுங்கள். வெளியூர் கிளம்பும்போது பாட்டியின் கைப்பையில் சின்னப் பொட்டலம் ஒன்று.