வெட்டலாமா, விடலாமா?

“தம்பி, எங்க தோட்டத்துக் கோயில் அரசமரம் உள்ளுக்குள்ள பொந்தா போச்சு. வெட்டிடலாம்னு கமிட்டியில சொல்றாங்க. சாமி மரமாச்சே?” நிகழ்ச்சி முடிந்த பிறகு பீடோங்கிலிருந்து ஓர் அக்கா அழைத்துக் கேட்டார். பாட்டு கேட்க வேண்டியவர் மரத்தைப் பற்றிக் கேட்கிறாரே என்று முதலில் எனக்குச் சிரிப்புதான் வந்தது.

ஆனால் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதற்கென்றே ஒரு தொழில் இருக்கிறது. ‘கன்சல்டிங் ஆர்பரிஸ்ட்’ என்பார்கள். மர ஆலோசகர் என்று வைத்துக்கொள்வோம். மரம் வெட்டுபவருக்கு மரத்தை வெட்டினால்தான் கூலி. ஆலோசகருக்கு வெட்டினாலும் விட்டாலும் ஒரே கட்டணம். அவர் கொடுப்பது கையெழுத்திட்ட ஓர் அறிக்கை. நாளைக்கு வழக்கு என்று வந்தால் அந்தக் கையெழுத்துக்கு அவரே பதில் சொல்ல வேண்டும்.

அவர் முக்கியமாகக் கவனிப்பது அடிமரத்தை. செம்பனையில் வேலை செய்தவர்களுக்குக் கானோடெர்மா பற்றி நான் விளக்கத் தேவையில்லை. அடியில் காளான் தலைகாட்டும்போது உள்ளே பெரும்பகுதி அழுகிப்போயிருக்கும். ரப்பரில் வரும் வெள்ளை வேர் நோயும் அப்படித்தான், மண்ணைக் கிளறினால்தான் தெரியும். நம் பெரியவர்கள் படிக்காமலே கற்ற இந்தப் பாடம்தான் இத்தொழிலின் பாதி. அடுத்து மரச்சுத்தியலால் தட்டிக் கேட்பார். சந்தேகம் இருந்தால் மெல்லிய ஊசி போன்ற துளைக்கருவியைச் செலுத்தி, உள்ளே எவ்வளவு கெட்டிக் கட்டை மிச்சம் இருக்கிறது என்று அளப்பார்.

பொந்து இருந்தாலே மரம் விழுந்துவிடும் என்பதில்லை. மூங்கில் உள்ளே வெற்றுக்குழாய்தானே, காற்றில் நிற்கவில்லையா? சுற்றுச்சுவர் போதுமான தடிப்பில் இருந்தால் மரமும் நிற்கும். விழுந்தால் யார் மேல் விழும் என்பதும் கணக்கில் சேரும். வெட்டவெளியில் நிற்கும் பொந்து மரமும் தமிழ்ப்பள்ளி வாசலில் நிற்கும் பொந்து மரமும் ஒன்றல்ல.

2024 மே 7 அன்று கோலாலம்பூர் ஜாலான் சுல்தான் இஸ்மாயிலில் பெரிய மரம் ஒன்று சாய்ந்து ஒருவர் இறந்தார். 17 வாகனங்கள் நசுங்கின. இப்படி ஒன்று நடந்தால் போதும், நாடு முழுக்கக் கோடாரியைத் தூக்குகிறோம். அதற்கு அஞ்சி சிலர் மரத்தின் தலையை மட்டும் மொட்டையடிக்கிறார்கள். எனக்கு அதைப் பார்த்தாலே எரிச்சல். வெட்டுவாயில் அழுகல் புகும். அங்கே கொத்தாகத் துளிர்க்கும் கிளைகளுக்குப் பிடிப்பு இருக்காது. சில வருடங்களில் ஆபத்து முன்பைவிடக் கூடலாம்.

சட்டத்தையும் மறக்கக் கூடாது. 1976-ஆம் ஆண்டு நகர, கிராமத் திட்டமிடல் சட்டப்படி, 0.8 மீட்டருக்கு மேல் சுற்றளவுள்ள மரத்தை வெட்ட ஊராட்சி மன்றத்தின் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். பட்டுப்போன மரம், உடனடி ஆபத்து போன்றவற்றுக்கு விலக்கு உண்டு.

பிள்ளைகளை இதற்கு அனுப்ப விரும்பும் பெற்றோருக்கு: செர்டாங் புத்ரா பல்கலைக்கழகத்தின் வனவியல் படிப்பு நல்ல தொடக்கம். பட்டம் இல்லாதவருக்கும் கதவு மூடவில்லை. மரப் பராமரிப்பில் மூன்று ஆண்டு முழுநேர அனுபவம் இருந்தால், அனைத்துலக மர வளர்ப்புக் கழகமான ஐஎஸ்ஏ-வின் சான்றிதழ் தேர்வுக்கு உட்காரலாம். ஆபத்து மதிப்பீட்டுக்குத் தனிப் பயிற்சி உண்டு. சான்றிதழை மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். ஆலோசகர் ஆவதற்கு அதன் பிறகும் பல வருடம் பிடிக்கும். அறிக்கை எழுதும் மொழித்திறனும் வேண்டும். மரம் நன்றாகத் தெரிந்த பலர் தடுக்கி விழுவது அங்கேதான்.

அக்காவிடம் நான் சொன்னது இதுதான்: கமிட்டி ஆளை அழைக்கும்போது சான்றிதழைக் கேளுங்கள். மதிப்பீடு செய்பவருக்கே வெட்டும் குத்தகையையும் கொடுக்காதீர்கள். அறிக்கை வரும்வரை மரத்தடியில் பிள்ளைகளை விளையாட விடாதீர்கள், பந்தலையும் தள்ளிப் போடுங்கள்.