ஆகஸ்டு 6க்கு அரக்கோணத்தில் ஓர் இடம் கொடுங்கள்

ராணிப்பேட்டை மாவட்ட ஆட்சியருக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு,

கேட்க வந்ததை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்டு 6ஆம் தேதி, ஹிரோஷிமா நாளன்று மாலை, போர் வேண்டாம் என்று சொல்ல அரக்கோணத்து மக்கள் கூடுவதற்கு ஒரு பொது இடம் வேண்டும். அதற்கான அனுமதி கடைசி நேரத்தில் வாய்மொழியாக வராமல், காலத்தோடு எழுத்தில் வர வேண்டும். சின்ன ஒலிபெருக்கி போதும். கட்சிக் கொடியும் தலைவர் படமும் இல்லாமல் நடப்பதுதான் நல்லது என்பது என் எண்ணம்.

இதற்கு ஒரு மனு போதாதா, மடல் எதற்கு என்று உங்களுக்குத் தோன்றலாம். திங்கட்கிழமை குறைதீர் நாளில் பட்டாவுக்கும் உதவித்தொகைக்கும் நிற்பவர்களோடு நானும் நின்று கொடுக்கலாம்தான். கொடுத்தால் அது உரிய நடவடிக்கைக்காகக் காவல்துறைக்குப் போகும். அங்கே எழக்கூடிய முதல் கேள்வியை இந்த ஊர்க்காரன் எவனும் ஊகித்துவிடுவான்: கடற்படை விமானதளம் இருக்கிற ஊரில் போர் எதிர்ப்புக் கூட்டமா? அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் இந்த மடல்.

அந்த விமானதளமான ஐ.என்.எஸ். ராஜாளியைக் குடியரசுத் தலைவர் ஆர். வெங்கட்ராமன் 1992 மார்ச் 11 அன்று தொடங்கிவைத்தார். இரண்டாம் உலகப் போர்க்காலத்து ஓடுதளம் ஒன்று இருந்த இடத்தில் எழுந்த தளம் அது. அன்று இந்தியக் கடற்படையின் தலைமைத் தளபதியாக இருந்தவர் அட்மிரல் எல். ராமதாஸ். 1971 போரில் ஐ.என்.எஸ். பியாஸ் கப்பலை நடத்தி வீர் சக்ரா விருது பெற்றவர். 1993இல் பணி ஓய்வு பெற்று மராட்டியத்தின் அலிபாக் பக்கம் ஒரு கிராமத்தில் குடியேறினார். அதன் பிறகு முப்பது ஆண்டுகள் அவர் செய்த வேலை, இந்தியாவும் பாகிஸ்தானும் மறுபடி போருக்குப் போகக் கூடாது என்று ஊர் ஊராகப் பேசியதுதான். இரு நாட்டுக் குடிமக்களும் சேர்ந்து அமைத்த பாகிஸ்தான் இந்தியா மக்கள் மன்றத்தில் முன்னின்றார். 1998இல் பொக்ரானில் அணுகுண்டு வெடித்து நாடே இனிப்பு வழங்கிக்கொண்டிருந்த காலத்தில், அது ஆபத்து என்று வெளிப்படையாகச் சொன்ன முன்னாள் படைத் தளபதிகள் மிகச் சிலர். அவர்களில் ஒருவர் இவர். 2004இல் அவருக்கும் பாகிஸ்தானின் மனித உரிமைப் போராளி ஐ.ஏ. ரஹ்மானுக்கும் சேர்த்தே மகசேசே விருது கொடுத்தார்கள். மனைவி லலிதா ராமதாஸும் இதே வேலையில் இருந்தவர். கடற்படையின் முதல் இந்தியத் தளபதி ஆர்.டி. கட்டாரியின் மகள் அவர். ராமதாஸ் 2024 மார்ச்சில் காலமானார்.

ராஜாளி பிறந்தபோது கடற்படையின் தலைவராக இருந்தவரே போர் எதிர்ப்பு மேடைகளில் ஏறியிருக்கிறார் என்றால், அந்த மேடை ராஜாளிக்கு எதிரி என்று எந்தக் கோப்பில் எழுதுவது? அவருடைய தேசபக்தியைச் சந்தேகிக்கும் தகுதி உள்ளவர்கள் யாரும் அரக்கோணம் ஜங்ஷனில் டீ குடித்துக்கொண்டிருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

எங்களுக்கு அந்தத் தளத்தின் மேல் வருத்தமும் இல்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் மீனம்பாக்கம் விமான நிலையம் மூழ்கி விமானங்கள் நின்றபோது, சென்னையில் சிக்கியவர்கள் வெளியேற ராஜாளியின் ஓடுதளம்தான் திறந்துவிடப்பட்டது. பயணிகள் விமானம் வந்து இறங்கும் ஊராக அரக்கோணம் சில நாள் இருந்தது. இங்கேயே இருக்கும் தேசியப் பேரிடர் மீட்புப் படையின் நான்காவது பட்டாலியன், 2024 ஜூலையில் வயநாடு மலை சரிந்தபோது மண்ணுக்குள் இருந்தவர்களைத் தேடப் போனது. சீருடை என்றாலே போர் என்று நினைக்கிற ஊர் இது இல்லை. வேலூர்ப் பக்கம் கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள். முதல் உலகப் போரிலிருந்து தலைமுறை தலைமுறையாகப் படைக்கு ஆள் அனுப்பிவரும் ஊர். போர் மூண்டால் அங்கேயுள்ள தாய்மார்களுக்கு இரவில் தூக்கம் வராது. தொலைக்காட்சி விவாதத்தில் போர் கேட்பவருக்கு அன்றும் நன்றாகத் தூக்கம் வரும்.

உங்கள் மாவட்டத்தைப் போர்க்களங்களின் மாவட்டம் என்றே சொல்லிவிடலாம். ஆற்காட்டில் 1751இல் கிளைவ் முற்றுகைக்குள் இருந்தார். சோளிங்கரில் 1781இல் ஹைதர் அலியும் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையும் மோதினார்கள். அதற்கு முந்தைய ஆண்டு, மாவட்ட எல்லையைத் தாண்டி, காஞ்சிபுரம் போகும் வழியில் புள்ளலூரில் பெய்லியின் கம்பெனிப் படையை ஹைதரும் திப்புவும் அழித்தார்கள். எல்லாவற்றுக்கும் மூத்தது தக்கோலம். பொ.ஆ. 949இல் ராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனுக்காகப் போரிட்ட கங்க அரசன் பூதுகன், சோழ இளவரசன் ராஜாதித்தனை யானை மேலேயே கொன்றான். சோழர்கள் அவனை ‘ஆனைமேல் துஞ்சிய தேவர்’ என்று எழுதிவைத்தார்கள். வென்றவர்கள் பக்கத்தில் இதைச் சொல்லும் கல் கர்நாடகத்தின் ஆதகூரில் கிடைத்தது. அது யாருக்காக நட்ட கல் தெரியுமா? காளி என்ற வேட்டை நாய்க்கு. காட்டுப்பன்றியோடு போராடிச் செத்த நாய். இளவரசனுக்குப் பெயர் கிடைத்தது, நாய்க்குக் கல்லும் கிடைத்தது. தக்கோலத்தில் விழுந்த காலாட்கள் எத்தனை பேர், எந்த ஊர், என்ன பெயர் என்று எழுதியவர் இல்லை. 2025 மார்ச்சில் தக்கோலத்திலுள்ள மத்தியத் தொழிலகப் பாதுகாப்புப் படையின் பயிற்சி மையத்துக்கு ராஜாதித்த சோழன் பெயர் சூட்டப்பட்டது. நல்ல பெயர், குறை சொல்ல மாட்டேன். அந்தப் பெயர் தெரியாத காலாட்களையும் நினைக்க ஆண்டுக்கு ஒரு மாலை வேண்டும் என்பதும் அதே வரலாற்றிலிருந்து எழும் கோரிக்கைதான்.

வரலாற்றை விட்டுச் சோற்றுக்கு வருவோம். ராணிப்பேட்டை, மேல்விஷாரம், ஆம்பூர், வாணியம்பாடி என்று பாலாற்றங்கரை முழுக்கத் தோல்தான் பிழைப்பு. முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் சிப்பாய்களின் பூட்ஸுக்காகச் சென்னை மாகாணத்தின் பதனிட்ட தோலை அரசாங்கமே வாங்கிக்கொண்டது. தோல் ஷாப்புகளுக்கு நல்ல காலம். போர் முடிந்த சில ஆண்டுகளில் சந்தை சரிந்தது. அப்போதே தெரிந்திருக்க வேண்டும், போர் தரும் ஆர்டர் நிலைக்காது என்று. இன்று கதை தலைகீழ். காஸா போரை ஒட்டி 2023 இறுதியில் செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட்டபோது, ஐரோப்பா போகும் கண்டெய்னர்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு போயின. கப்பல் கூலி ஏறியது, சரக்கு போய்ச்சேர ஏறத்தாழ இரண்டு வாரம் கூடியது. உக்ரைன் போர் நடக்கும்போது ரஷ்ய எண்ணெய் வாங்கியதற்குத் தண்டனை என்று சொல்லி இந்தியப் பொருள்கள் மேல் அமெரிக்கா விதித்த கூடுதல் 25 விழுக்காட்டு வரி 2025 ஆகஸ்டு 27 முதல் நடைமுறைக்கு வந்தது. ஏற்கெனவே இருந்ததோடு சேர்ந்து 50 ஆனது. விடியற்காலையில் டிபன் பாக்ஸோடு ஷூ கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கும் பெண்ணுக்கு உக்ரைன் வரைபடத்தில் எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டிய அவசியமே இருந்ததில்லை. அந்தப் போர் அவளுடைய ஓவர்டைமில் கைவைத்துவிட்டது. எங்கோ நடக்கும் சண்டைக்கு இங்கே எதற்குக் கூட்டம் என்று கேட்பவர்களை ஒரு நாள் அந்த பஸ்ஸில் ஏற்றி அனுப்பலாம்.

அப்படிக் கேட்டவர்களில் நீதிமன்றமும் உண்டு. காஸாவுக்காக மும்பை ஆசாத் மைதானத்தில் கூட்டம் நடத்த மார்க்சிஸ்ட் கட்சி அனுமதி கேட்டபோது, முதலில் நம் நாட்டுப் பிரச்சினைகளைப் பாருங்கள் என்று 2025 ஜூலையில் பம்பாய் உயர் நீதிமன்றம் கடிந்துகொண்டது. நம் மாநிலத்தின் அனுபவம் வேறு. அந்த ஆண்டு மே 10 அன்று ராணுவத்துக்கு ஆதரவாகச் சென்னைக் காமராஜர் சாலையில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் பேரணி நடத்தினார். அக்டோபர் 8 அன்று அதே முதலமைச்சர் காஸா போரை நிறுத்தச் சொல்லும் ஆர்ப்பாட்டத்தில் நின்று பேசினார். ஐந்து மாத இடைவெளியில் இரண்டும் நடந்தன. ஒன்று மற்றொன்றுக்குத் துரோகம் என்று யாரும் சொல்லவில்லை. சென்னையில் முதலமைச்சருக்கு இடம் உள்ள ஒரு காரியத்துக்கு அரக்கோணத்தில் சாதாரண ஆளுக்கும் இடம் இருக்க வேண்டுமே.

ஆனால் பெரிய மேடைகள் மேல் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. நம் கட்சிகள் ஒவ்வொன்றும் தனக்குப் பிடித்த போரைத்தான் எதிர்க்கின்றன. ஈழத்துக்கு அழுதவர் சூடானைப் பற்றி மூச்சு விடுவதில்லை. காஸாவுக்குக் கொடி பிடித்தவருக்கு உக்ரைன் கண்ணில் படுவதில்லை. ஊர் அளவில், கட்சி சாராமல், எல்லாப் போரையும் ஒரே கண்ணால் பார்க்கும் சின்னக் கூட்டங்கள்தான் இதற்கு மருந்து. தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தினர் ஹிரோஷிமா நாளில் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து ஹிரோஷிமாச் சிறுமி சடகோவின் நினைவாகக் காகிதக் கொக்கு மடிக்கிறார்களே, அந்த மாதிரி. ஹிரோஷிமாவில் மட்டும் 1945 முடிவதற்குள் ஏறத்தாழ 1,40,000 பேர் செத்தார்கள். பிழைத்தவர்கள் 1956இல் அமைத்த நிஹோன் ஹிடான்கியோ அமைப்புக்கு 2024இல் நோபல் அமைதிப் பரிசு கிடைத்தது. ஊர் ஊராய்ப் போய்த் தங்கள் கதையைச் சொன்ன கிழவர்களும் கிழவிகளும்தான் அந்த அமைப்பு.

சட்டம் உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆயுதமின்றி அமைதியாகக் கூடும் உரிமை 19ஆம் பிரிவில் இருக்கிறது. உலக அமைதியை வளர்க்க அரசு முயல வேண்டும் என்று 51ஆம் பிரிவு அரசுக்கே வேலை கொடுத்திருக்கிறது. பொது இடக் கூட்டங்களை முறைப்படுத்தலாம், அடியோடு மறுக்கும் அதிகாரம் கிடையாது என்று ஹிமத்லால் ஷா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1972இலேயே சொல்லிவிட்டது. 2025 செப்டம்பரில் கரூர்க் கூட்ட நெரிசலில் 41 உயிர்கள் போன பிறகு எந்தக் கூட்டம் என்றாலும் அதிகாரிகள் தயங்குவது புரிகிறது. சில நூறு பேர் உட்கார்ந்து கேட்கும் கூட்டத்துக்கு அந்தத் தயக்கம் தேவையில்லை. நேரம், ஆள் கணக்கு, தண்ணீர், வழி எல்லாவற்றுக்கும் நிபந்தனை போடுங்கள், கட்டுப்படுகிறோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், கொஞ்சம் கசப்பானது. 2021 ஏப்ரலில், சட்டமன்றத் தேர்தல் வாக்குப்பதிவு முடிந்த மறுநாள், அரக்கோணம் பக்கத்துச் சோகனூரில் இரண்டு தலித் இளைஞர்கள் கொல்லப்பட்டார்கள். 2015 ஜூனில் ஆம்பூர் கலவரத்தில் எரிந்தது. இப்படி எது நடந்தாலும் வருவாய்த் துறை அமைதிப் பேச்சுவார்த்தைக்கு ஆள் கூப்பிடும். இரு தரப்பும் வரும், கையெழுத்துப் போடும், போகும். ரத்தம் சிந்திய பிறகு மட்டும் அமைதியைப் பற்றிப் பேசுவது நிர்வாகத்தின் வழக்கமாகிவிட்டது. சண்டை இல்லாத நாளில் எல்லாத் தெருக்காரர்களும் ஓரிடத்தில் உட்கார ஒரு காரணம் வேண்டும். காலனியும் ஊரும் தனித்தனியாக இருக்கிற இடத்தில் ஹிரோஷிமாவை மட்டும் பேசிவிட்டுக் கலைந்தால் அது ஏமாற்று வேலை என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். அதனால்தான் மேடையைவிடப் பாய் விரித்து உட்காரும் கூட்டம் வேண்டும் என்கிறேன். அங்கே கேள்வி எழும். எழட்டும்.

யார் பேசுவது என்றால் அதற்கும் வெளியூர்ப் பேச்சாளர் தேவையில்லை. பழைய வேலூர் மாவட்டத்திலேயே, மேல்மொணவூரிலும் ஆம்பூரை அடுத்த மின்னூரிலும் இலங்கைத் தமிழர்கள் நெடுங்காலமாக இருக்கிறார்கள். அகதிகள் முகாம் என்ற பெயர் 2021இல் மறுவாழ்வு முகாம் ஆனது. அவர்களுக்கு வீடு கட்டும் திட்டம் அந்த ஆண்டு நவம்பரில் மேல்மொணவூரில்தான் தொடங்கியது. விமானச் சத்தம் கேட்டால் பதுங்குகுழிக்கு ஓடிய பெரியவர்கள் அங்கே இருக்கிறார்கள். நம் பிள்ளைகளோ ராஜாளியின் விமானங்களை அண்ணாந்து பார்த்துக் கையசைத்து வளர்கிறவர்கள். இரண்டு கூட்டமும் ஒரு மாலை பேசிக்கொள்ளட்டும். அந்தப் பெரியவர்கள் மனமுவந்து வந்தால் மட்டும், படமெடுத்துப் போடாமல்.

ஆகவே என் வேண்டுகோள் இவ்வளவுதான். ஆகஸ்டு 6 மாலைக்கு நகராட்சிக்குச் சொந்தமான ஓர் இடமோ அரசுப் பள்ளி மைதானமோ ஒதுக்கி, விண்ணப்பித்தவர்களுக்குப் பத்து நாள் முன்னதாகவே எழுத்தில் பதில் தரும்படி அரக்கோணம் கோட்டாட்சியருக்கும் காவல்துறைக்கும் அறிவுறுத்துங்கள். மறுப்பதாக இருந்தால் காரணமும் எழுத்தில் இருக்கட்டும். அக்டோபர் 2 கிராமசபைக்கு நீங்கள் அனுப்பும் கூட்டப்பொருள் பட்டியலில், குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் கீழே ஒரு வரி சேருங்கள்: ஊர் ஒற்றுமை, உலக அமைதி குறித்த விவாதம். காந்தி பிறந்த நாளில் கூடுகிற சபை அது, ஆட்சேபிக்க ஆள் இருக்காது. ராஜாளியில் பணியாற்றி ஓய்வு பெற்ற ஒருவரையும் பேரிடர் மீட்புப் படையிலிருந்து ஒருவரையும் அந்த ஆகஸ்டு மாலைக்கு உங்கள் அலுவலகம் மூலமாக அழைத்துத் தந்தால் நன்றியுடையவர்களாக இருப்போம். நீங்களும் வாருங்கள். பேச வேண்டாம், முதல் வரிசை நாற்காலியும் வேண்டாம், பாயில் எங்களோடு உட்கார்ந்தால் போதும்.

இப்படிக்கு,
அரக்கோணத்துக் குடிமகன் ஒருவன்